மறுத்துப் பார்ப்பதா, இடைவெளி தேடுவதா? எடுகோள் கேள்விக்கு எந்த வழி

தர்க்கத் தேர்வுகளில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது எடுகோள் கேள்வியில்தான். வாதம் வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் நம்பியிருக்கும் கூற்று எது என்று கேட்பார்கள். அதைப் பிடிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. விடையை எதிர்மறையாக்கி, வாதம் விழுகிறதா என்று பார்ப்பது ஒன்று. விடைகளைப் படிக்கும் முன்பே, காரணத்துக்கும் முடிவுக்கும் நடுவில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று தேடுவது இன்னொன்று. ‘எல்லா’, ‘மட்டும்’, ‘கண்டிப்பாக’ மாதிரியான சொற்களைக் கண்டதும் விடையைத் தள்ளிவிடுவது மூன்றாவது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் நடத்தும் வார இறுதி வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இதில் ஒன்றை யூடியூபில் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். “டீச்சர், நெகேஷன் போட்டா எல்லாத்துக்கும் விடை வந்துடும்” என்று தொடங்குகிறவர்கள் அதிகம். நெகேஷன் என்பது அந்த முதல் வழி, மறுத்துப் பார்ப்பது. வராது. அது சரிபார்க்கும் கருவி. தேடுவதற்கு அதை எடுத்தால் நேரம் கரையும், ஒருவகைக் கேள்வியில் சரியான விடையையே அது தள்ளவும் வைக்கும். எந்த வழியை முதலில் பழகுவது என்பது நீங்கள் எழுதப்போகும் தேர்வைப் பொறுத்தது. ஆகவே தேர்விலிருந்தே தொடங்குகிறேன்.

எந்தத் தேர்வு, எவ்வளவு நேரம்

அமெரிக்கா, கனடாவில் சட்டம் படிக்க விரும்புகிறவர்கள் எழுதுவது எல்சாட். 2024 ஆகஸ்டில் அதன் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது மதிப்பெண்ணுக்குக் கணக்காகும் மூன்று பகுதிகளில் இரண்டு தர்க்கப் பகுதிகள். ஒவ்வொன்றும் 35 நிமிடம், ஏறத்தாழ 25 கேள்விகள். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். எம்பிஏவுக்கான ஜிமேட்டில் மொழிப்பகுதி 45 நிமிடத்தில் 23 கேள்விகள், அங்கும் ஐந்து விடைகள்தான். இங்கிலாந்தில் சட்டம் படிக்க எல்நாட்: 12 உரைப்பகுதிகள், 42 கேள்விகள், 95 நிமிடம், அதன்பிறகு ஒரு கட்டுரை. மருத்துவம் படிக்க யூகேட். அதில் முடிவெடுத்தல் பகுதி 2025 முதல் 37 நிமிடத்தில் 35 கேள்விகள்.

வாட்சன்-கிளேசர் கொஞ்சம் வேறு ஜாதி. லண்டன் சட்ட நிறுவனங்களில் பயிற்சி இடம் கேட்கிற நம் பட்டதாரிகள் பலர் இதைத் தாண்டித்தான் நேர்முகத்துக்குப் போகிறார்கள். 30 நிமிடத்தில் 40 கேள்விகள், ஐந்து பகுதிகள், அதில் ஒரு பகுதி முழுக்க எடுகோளுக்கே. அங்கே ஐந்து விடைகளில் ஒன்றைத் தேடும் வேலை இல்லை. ஒரு கூற்று கொடுப்பார்கள், கீழே ஓர் எடுகோள் கொடுப்பார்கள். இந்தக் கூற்று அதை நம்பியிருக்கிறதா, இல்லையா? இரண்டில் ஒன்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இந்திய வங்கித் தேர்வுகளில் வரும் ‘கூற்றும் எடுகோளும்’ இதற்கு நெருங்கிய உறவு.

ஐந்திலிருந்து ஒன்றைப் பொறுக்குவது ஒரு வேலை, ஒன்றைப் பார்த்து ஆம், இல்லை சொல்வது இன்னொரு வேலை. இரண்டுக்கும் ஒரே வழியைச் சொல்லிக்கொடுப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

ஐந்து விடைகள் இருக்கும்போது

வகுப்பில் நான் கொடுக்கும் ஒரு கேள்வி இது:

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் சென்ற ஆண்டு இறுதியில் வாராந்தரச் சதுரங்க வகுப்பு தொடங்கப்பட்டது. இந்த ஆண்டு பள்ளித் தேர்வில் ஆறாம் ஆண்டு மாணவர்களின் சராசரிக் கணித மதிப்பெண், சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டில் இருந்தவர்களின் சராசரியைவிடக் கூடியிருக்கிறது. ஆகவே சதுரங்கம் மாணவர்களின் கணித ஆற்றலை வளர்த்திருக்கிறது. இந்த வாதத்துக்குத் தேவைப்படும் எடுகோள் எது?

(அ) சதுரங்க வகுப்புக்குப் போன எல்லா மாணவர்களும் சென்ற ஆண்டு மாணவர்களின் சராசரியைத் தாண்டினார்கள்.
(ஆ) இந்த ஆண்டுக் கணிதத் தாள், மதிப்பெண் கூடியதற்கு அதுவே முழுக் காரணமாகும் அளவுக்குச் சென்ற ஆண்டுத் தாளைவிட எளிதாக இருக்கவில்லை.
(இ) கணித ஆற்றலை வளர்க்கச் சதுரங்கத்தைவிடச் சிறந்த வழி வேறில்லை.
(ஈ) மற்றப் பள்ளிகளும் சதுரங்க வகுப்பு தொடங்கினால் இதே பயனைப் பெறும்.
(உ) பெற்றோர்கள் சதுரங்க வகுப்பை ஆதரிக்கிறார்கள்.

மறுத்துப் பார்ப்பதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டவர் இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக எதிர்மறையாக்க வேண்டும். ஒன்றுக்குப் பதினைந்து விநாடி என்று வைத்தாலும் எழுபத்தைந்து விநாடி. எல்சாட்டில் ஒரு கேள்விக்கு உள்ள நேரம் கிட்டத்தட்ட அங்கேயே தீர்ந்துவிடும். இன்னும் வாதத்தைப் படித்த நேரத்தைச் சேர்க்கவில்லை.

இடைவெளி தேடுகிறவர் முதலில் முடிவைப் பிடிக்கிறார்: சதுரங்கம் கணித ஆற்றலை வளர்த்தது. பிறகு காரணத்தைப் பார்க்கிறார்: வகுப்பு தொடங்கியது, அதன்பின் மதிப்பெண் கூடியது. நடுவில் இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. காரணத்தில் இருப்பது மதிப்பெண், முடிவில் இருப்பது ஆற்றல். மதிப்பெண் எப்போது ஆற்றல் ஆனது? அடுத்தது, ‘அதன்பின் கூடியது’ என்பது ‘அதனால் கூடியது’ ஆகிவிட்டது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு விடைகளுக்குள் போனால் (உ) ஒரு பார்வையில் விழும். (ஈ) மற்றப் பள்ளிகளைப் பற்றிப் பேசுகிறது, வாதம் அந்தப் பக்கமே போகவில்லை. (இ) ‘சிறந்த வழி’ என்கிறது. சதுரங்கம் உதவியது என்று சொல்ல அது சிறந்த வழியாக இருக்க வேண்டியதில்லை. மீதி (அ), (ஆ).

இங்கேதான் மறுத்துப் பார்ப்பது தன் வேலையைச் செய்கிறது. (ஆ)வை மறுத்தால்: தாள் மிக எளிதாக இருந்தது, மதிப்பெண் கூடியதற்கு அதுவே முழுக் காரணம். அப்புறம் சதுரங்கத்துக்கு என்ன வேலை? வாதம் விழுந்துவிட்டது. (அ)வை மறுத்தால்: சதுரங்கத்துக்குப் போனவர்களில் ஒருவராவது அந்தச் சராசரியைத் தாண்டவில்லை. சரி, தாண்டாமல் போகட்டும், வகுப்பின் மொத்தச் சராசரி கூடியிருக்கிறதே. வாதம் நிற்கிறது. ஆக விடை (ஆ).

(அ)வை மறுக்கும்போது நிறையப் பேர் ‘யாருமே தாண்டவில்லை’ என்று எழுதிக்கொள்கிறார்கள். அப்படி மறுத்தால் வாதம் ஆட்டம் கண்டதுபோலத் தோன்றும், (அ) சரி என்று பட்டுவிடும். ‘எல்லாரும்’ என்பதன் மறுப்பு ‘ஒருவராவது இல்லை’ என்பதுதான். ‘சிலர்’ என்பதன் மறுப்பு ‘ஒருவருமில்லை’. ‘பெற வேண்டும்’ என்பதன் மறுப்பு ‘பெறத் தேவையில்லை’, ‘பெறக்கூடாது’ என்று போய்விடக் கூடாது. இந்த மூன்றும் கைவராதவர்கள் மறுக்கும் வழியைத் தொடாமல் இருப்பதே மேல்.

இடைவெளி தேடும் வழிக்கும் ஒரு நோய் உண்டு. ஒருவர் மனத்தில் ‘புதிய கணித ஆசிரியர் வந்திருக்கலாம்’ என்று தயாரித்துக்கொண்டு போவார். விடைகளில் ஆசிரியரைப் பற்றி எதுவுமில்லை என்றதும் கலங்கிப்போய் எதையாவது தட்டிவிடுவார். வாக்கியத்தைத் தயாரிக்கக் கூடாது, ஓட்டையின் வகையைத்தான் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘வேறு காரணம் இருக்கலாம்’ என்று மட்டும் வைத்திருந்தால், அது ஆசிரியராக வந்தாலும் தாளாக வந்தாலும் ட்யூஷனாக வந்தாலும் அடையாளம் தெரியும். ஓட்டையின் வகைகள் ஒன்றும் கணக்கில்லாதவை அல்ல. அடுத்து நடந்ததைக் காரணம் ஆக்குவது, சிலரைக் கேட்டுவிட்டு எல்லாரையும் பற்றிப் பேசுவது, ஓர் ஊரில் நடந்ததை வேறோர் ஊருக்குப் பொருத்துவது, ஒரு திட்டம் போட்டால் நினைத்தபடியே நடக்கும் என்று நம்புவது, நடுவில் ஒரு சொல்லை மாற்றிவிடுவது. ஜிமேட் கேள்விகளில் பெரும்பகுதி இவற்றுக்குள்ளேயே சுற்றும்.

மறுப்பு சரியான விடையையே தள்ளும் இடம்

எல்சாட்டில் எடுகோள் கேள்வி இரண்டு உருவத்தில் வரும். ‘இந்த வாதத்துக்கு எது தேவை?’ என்று கேட்பது ஒன்று. ‘எதை எடுகோளாகக் கொண்டால் முடிவு தவறாமல் வந்துவிடும்?’ என்று கேட்பது மற்றொன்று. முதலாவதில் இல்லாமல் முடியாதது வேண்டும். இரண்டாவதில் இருந்தால் போதும் என்பது வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பவர்களுக்கு மறுப்பு வழி பெரிய பள்ளம்.

பினாங்கை வைத்து ஒரு கேள்வி. சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்பது இங்கே வேண்டாம், இது பயிற்சிக்காகக் கட்டியது:

பாரம்பரியக் கட்டடமாகப் பதிவான எந்தக் கடையும் முகப்பை மாற்றும் முன் அனுமதி பெற வேண்டும். லெபோ பாசார் தெருவில் உள்ள ஒரு மளிகைக்கடை தன் முகப்பை மாற்றப்போகிறது. ஆகவே அந்தக் கடை அனுமதி பெற வேண்டும்.

‘எதை எடுகோளாகக் கொண்டால் முடிவு தவறாமல் வரும்?’ என்று கேட்டு, ஒரு விடையில் ‘லெபோ பாசாரில் உள்ள எல்லாக் கடைகளும் பாரம்பரியக் கட்டடங்களாகப் பதிவானவை’ என்று இருந்தால் அதுதான் சரி. எல்லாக் கடைகளும் பதிவானவை என்றால் இந்தக் கடையும் பதிவானது, முடிவு தானாக வருகிறது. இப்போது அதை மறுத்துப் பாருங்கள். ‘லெபோ பாசாரில் ஒரு கடையாவது பதிவாகவில்லை.’ அந்த ஒரு கடை எதிர்ச்சாரியில் உள்ள துணிக்கடையாக இருக்கலாம். நம் மளிகைக்கடை வாதம் அசையவில்லை. மறுப்பு வழியை மட்டும் நம்பினவர் ‘வாதம் விழவில்லை, ஆகவே இது விடை இல்லை’ என்று சரியான விடையைத் தூக்கி எறிந்துவிடுவார்.

கேள்வியை ‘எது தேவை?’ என்று மாற்றினால் இதே விடை தவறாகிவிடும். அப்போது ‘அந்த மளிகைக்கடை பாரம்பரியக் கட்டடமாகப் பதிவானது’ என்ற சின்னக் கூற்றுதான் வேண்டும். இடைவெளி தேடுகிறவருக்கு இரண்டு கேள்வியிலும் ஓட்டை ஒன்றே: ‘பதிவானது’ என்ற சொல் முதல் வாக்கியத்தில் இருக்கிறது, கடையைப் பற்றிய வாக்கியத்தில் இல்லை. அதை அளவாக மூடும் விடையா, தாராளமாக மூடும் விடையா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

பினாங்கிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இந்த ஓட்டை சட்டென்று கண்ணில் படுவதில்லை. பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது, லெபோ பாசார் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை வைத்து மனமே ஓட்டையை அடைத்துவிடுகிறது. நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றிய கேள்வியில்தான் அதிகம் கவனம் வேண்டும்.

சொல்லாததை நிரப்பிக்கொள்ளும் இந்தப் பழக்கம் நமக்குப் பழையதுதான். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைகளை, அதாவது ஒன்றை அறியும் வழிகளை, பட்டியலிடும் இடத்தில் அருத்தாபத்திக்கு, சொன்னதை வைத்துச் சொல்லாததைக் கொள்வதற்கு, ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. ஆயர்குடி கங்கையில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், கரையில் இருக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆற்று நீருக்குள் ஊர் இருக்க முடியாதே. கூற்று நிற்க வேண்டுமானால் எது உண்மையாக இருந்தாக வேண்டும் என்ற கேள்வி அங்கேயே இருக்கிறது. எல்சாட் வகுப்பில் இதைச் சொன்னால் ஒன்றிரண்டு பேராவது நிமிர்ந்து உட்கார்வார்கள்.

ஒரே ஒரு கூற்று இருக்கும்போது

வாட்சன்-கிளேசருக்கு வந்தால் என் வரிசை தலைகீழ். இங்கே மறுப்புத்தான் முதல். ஒரே ஓர் எடுகோளைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், தேட வேண்டியதில்லை. சராசரியாக ஒரு கேள்விக்கு 45 விநாடி. நீங்களே ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தால், அவர்கள் கேட்காத எடுகோள்களையெல்லாம் கண்டுபிடித்து நேரத்தைத் தொலைப்பீர்கள்.

கூற்று: “பத்துமலைக்கு கேடிஎம் ரயிலில் போவோம், கார் நிறுத்த இடம் தேடி அலையும் தொல்லை மிச்சம்.”

எடுகோள் ஒன்று: பத்துமலைக்கு கேடிஎம் ரயிலில் போக முடியும். மறுங்கள்: போக முடியாது. பேச்சே பொருளற்றதாகிறது. நம்பியிருக்கிறது.

எடுகோள் இரண்டு: காரில் போனால் இடம் தேடி அலைய வேண்டிவரும். மறுங்கள்: அலைய வேண்டிவராது. மிச்சமாக ஒரு தொல்லையே இல்லை. நம்பியிருக்கிறது.

எடுகோள் மூன்று: ரயில் காரைவிடச் சீக்கிரம் போய்ச் சேரும். மறுங்கள்: சேராது. சேராவிட்டால் என்ன, அவர் நேரத்தைப் பற்றிப் பேசவில்லையே. நம்பியிருக்கவில்லை.

எடுகோள் நான்கு: தைப்பூசத்தன்று பத்துமலையில் கூட்டம் நிறைந்திருக்கும். கோலாலம்பூரில் இதை மறுக்கிற ஆள் யார்? உண்மைதான். ஆனால் பேசியவர் தைப்பூசத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்கலாம். நம்பியிருக்கவில்லை.

நான்காவதில் விழுகிறவர்கள்தான் அதிகம். கூற்று உண்மையா என்று கேள்வியில் கேட்கவில்லை. பேசுகிறவர் அதன்மேல் நிற்கிறாரா என்பதுதான் கேள்வி. லெபோ பாசாரில் நம் ஊரறிவு ஓட்டையை மறைத்தது. இங்கே அதே அறிவு இல்லாத எடுகோளைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

சொல்லைப் பார்த்துத் தள்ளும் வழி

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தமிழில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் இந்திய வங்கித் தேர்வுகளுக்காகச் செய்யப்பட்டவை, அங்கே இது ஓரளவு ஓடும். ‘மட்டும்’, ‘எல்லா’, ‘கண்டிப்பாக’ இருந்தால் தள்ளு, விளம்பரம் என்றால் மக்கள் அதைக் கவனிப்பார்கள் என்று எடுத்துக்கொள், இப்படி. அவசரத்துக்கு உதவும். ‘எது தேவை’ என்ற கேள்வியிலும் கடுமையான சொல் உள்ள விடை பெரும்பாலும் தவறாக இருப்பதால் இந்த வழி கைகொடுப்பதுபோலத் தெரியும். ஆனால் லெபோ பாசார் கேள்வியில் சரியான விடையிலேயே ‘எல்லா’ இருந்தது. எல்சாட் எழுதப்போகிறவர் இந்த வழியைப் பழகிவிட்டால், ‘எது போதும்’ கேள்விகளில் அந்தப் பழக்கத்தை உதறவே தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கும்.

ஆக, எதை எடுப்பது

எல்சாட், ஜிமேட், எல்நாட் எழுதுகிறவர்கள் இடைவெளி தேடுவதை முதலில் பழகட்டும், கடைசி இரண்டு விடைகளுக்கு வந்தபின் மறுப்பு. ஜிமேட்டில் பெரும்பாலும் ‘தேவை’ கேள்விதான் வரும், ஆகவே மறுப்பை அங்கே இன்னும் கொஞ்சம் தைரியமாக நம்பலாம். எல்சாட்டில் கேள்வியின் வாசகத்தை முதலில் படித்து, தேவையா போதுமா என்று குறித்துக்கொண்ட பிறகே வாதத்துக்குள் போக வேண்டும். எல்நாட்டில் வாதம் நான்கைந்து பத்திகளுக்குள் புதைந்திருக்கும். முடிவு எது என்று கண்டுபிடிக்கவே பாதி நேரம் போகும் என்பதால் இடைவெளியைத் தவிர வேறு வழி அங்கே பலன் தராது என்பது என் அனுபவம்.

வாட்சன்-கிளேசருக்கு மறுப்பு மட்டும் போதும். வேறெதையும் கற்றுக் குழம்ப வேண்டாம்.

யூகேட்டில் நிலைமை சற்றுக் கோணல். அங்கே ‘எடுகோளை அறிதல்’ என்ற பெயரில் வருவது, நான்கு வாதங்களில் எது வலுவானது என்ற கேள்வி. எடுகோளைத் தேடிப் பிடிப்பது அங்கே வாதத்தைத் தள்ளுவதற்காக. எந்த விடை அதிகமான சொல்லாத விஷயங்களை நம்பியிருக்கிறதோ அது முதலில் போகும். கேள்வியை நேராகத் தொட்டு, குறைவாக நம்பியிருப்பது நிற்கும். இடைவெளி தேடப் பழகினவருக்கு இது சிரமமே இல்லை. மறுப்பு வழி இங்கே செல்லாது, மறுப்பதற்கு எடுகோள் என்று தனியாக எதையும் தருவதில்லை.

பயிற்சி செய்யும் விதமும் வழியைப் பொறுத்து மாறும். மறுப்பைப் பழக விடைகள் வேண்டும், ஆகவே அந்தந்தத் தேர்வை நடத்துகிறவர்களின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தாள்களிலிருந்தே தொடங்குங்கள், காசு கொடுத்துப் புத்தகம் வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம். இடைவெளி தேடுவதற்கு விடைகளே வேண்டாம். மலேசிய நண்பன், மக்கள் ஓசை மாதிரியான தமிழ் நாளிதழில் ஒரு வாசகர் கடிதத்தை எடுத்து, முடிவுக்கு அடியில் கோடு போட்டு, அது எதை நம்பி நிற்கிறது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். ஆங்கிலத் தேர்வுக்குத் தமிழ்க் கடிதமா என்று கேட்பார்கள். ஓட்டை எந்த மொழியிலும் ஓட்டைதான், கண் பழகிவிட்டால் போதும். ஆங்கிலம் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு இரண்டு சுமையையும் ஒரே நேரத்தில் ஏற்றாமல் இருப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது.

தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது, கைவசம் மறுப்பு வழி மட்டும்தான் என்றால் இப்போது மாற வேண்டாம். ‘எது போதும்’ கேள்விகளை அடையாளம் காண மட்டும் கற்றுக்கொண்டு, அவற்றில் மறுப்பைத் தொடாமல் விடுங்கள். அங்கே ஒவ்வொரு விடையையும் காரணத்தோடு சேர்த்துப் படித்து, முடிவு தானாக வந்து விழுகிறதா என்று பாருங்கள்.